குளிர்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு: பண்டிகை வழக்கங்களைப் புதிதாகத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனில் டிசம்பர் கடைசியில் மாலை நான்கு மணிவாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். டொராண்டோவில் ஐந்து மணிக்குள். வெளியே பனி, உள்ளே விளக்கு, போவதற்கு வேறு இடமில்லை. குடும்பத்தை ஒரே அறையில் உட்கார வைக்கும் வேலையை அங்கே இருட்டே செய்துவிடும். சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 137 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. ஜூனிலும் ஏழு மணிவாக்கில் விடியும், டிசம்பரிலும் ஏழு மணிவாக்கில்தான் விடியும்.

பல ஆண்டுகள் குளிர்நாட்டில் இருந்துவிட்டு இங்கே குடிவரும் தமிழ்க் குடும்பங்கள், முதல் ஆண்டுக் கடைசியில் "பண்டிகை வந்த மாதிரியே இல்லை" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். பனி இல்லாததுதான் காரணம் என்று நினைத்து, பஞ்சுப் பனியும் பிளாஸ்டிக் பனிக்கட்டியும் வாங்கிவந்து தொங்கவிடுகிறார்கள். அது இரண்டு நாள் நன்றாக இருக்கும். உண்மையில் தொலைந்துபோனது, எல்லாரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் கூட்டிவந்த அந்த மாலைப்பொழுது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒன்றைத்தான் வலியுறுத்தப் போகிறேன். முதலில் ஒரு நேரத்தைப் பிடியுங்கள், அந்த நேரத்தில் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். அலங்காரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: பழைய வழக்கங்களை ஆள்வாரியாக எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகைகளின் பெயரை எழுதாமல், வீட்டில் இருப்பவர்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அந்த ஊரில் அந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். மரத்தில் விளக்கு சுற்றியது யார், பலகாரத்துக்கு மாவு பிசைந்தது யார், பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டது யார். பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரும் இருக்கும்போது கேட்டால் மூத்தது சொன்னதையே சின்னதும் சொல்லும்.

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் மரம்தான் பெரிய ஏக்கமாக இருக்கும் என்று பெற்றோர் நினைத்தார்கள். கேட்டபோது பையன் சொன்னது வேறு. இரவில் காரில் சுற்றி, விளக்குப் போட்ட வீடுகளைப் பார்த்து, எது முதல் பரிசு என்று நால்வரும் சண்டை போடுவார்களாம். அதுதான் அவனுக்கு வேண்டுமாம். இப்போது அவர்கள் தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருநாள் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கும், டிசம்பரில் ஒருநாள் ஆர்ச்சர்ட் சாலைக்கும் இரண்டடுக்குப் பேருந்தில் போகிறார்கள். மேல்தளத்தில் முன் இருக்கை கிடைக்கும்வரை நிறுத்தத்தில் காத்திருப்பார்கள். பேருந்து மெதுவாக ஊர்ந்தால் இன்னும் நல்லது. வண்ண வளைவுகள் தலைக்கு மேலேயே வந்து போகும், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சின்னவள் மதிப்பெண் போடுவாள். பிளாஸ்கில் மட்டும் இப்போது மைலோ. அதையும் பேருந்தில் குடிக்கக் கூடாது என்பதால் இறங்கிய பிறகுதான் திறப்பார்கள்.

பட்டியல் தயாரானதும், அப்படியே தொடரக்கூடியது, நேரத்தையோ இடத்தையோ மாற்றினால் தொடரக்கூடியது, விட்டுவிட வேண்டியது என்று குறியுங்கள். பனிச்சறுக்கும் பனிமனிதனும் கடைசி வகை. அதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மாற்று தேட வேண்டாம். போலியான மாற்றுதான் ஏக்கத்தைக் கிளறும்.

படி 2: நாட்காட்டியை மறுபடி எடை போடுங்கள்

குளிர்நாட்டில் தீபாவளி பெரும்பாலும் ஒரு வேலைநாளில் வந்து போகும். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து அவசரமாக ஒரு விளக்கு, கடையில் வாங்கிய ஒரு லட்டு. குடும்பம் கூடுவதெல்லாம் விடுமுறை கிடைக்கும் கிறிஸ்துமஸில்தான். சிங்கப்பூரில் இது மாறுகிறது. இங்கே ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாட்கள். அவற்றில் தீபாவளியும் ஒன்று, கிறிஸ்துமஸும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மறுநாள் திங்கள் விடுமுறை. ஆகவே குடும்பம் கூடும் பெரிய நாளாகத் தீபாவளியை வையுங்கள். நீங்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டால், கிறிஸ்துமஸை அமைதியான சின்ன நாளாக விட்டுவிடலாம். இரண்டையும் ஒரே அளவில் இழுத்துக்கொண்டு போனால் ஜனவரிக்குள் வீட்டில் எல்லாரும் களைத்துப்போவார்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேடல் தேவாலயத்திலிருந்து தொடங்கட்டும். 1888ல் கட்டப்பட்ட ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி உண்டு. நள்ளிரவு வழிபாடு முடிந்து வெளியே வரும்போது வியர்க்கும். பருத்தி உடை போட்டுக்கொண்டு போங்கள், பட்டு வேண்டாம்.

முஸ்லிம் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் தரும் வசதி பெரிது. வட ஐரோப்பாவில் கோடையில் நோன்பு வந்தால் பதினெட்டு மணி நேரம்கூடப் போகும். இங்கே எந்த மாதத்தில் வந்தாலும் நோன்பு திறப்பது மாலை ஏழு மணியை ஒட்டித்தான். அந்த நேரத்தை அப்படியே குடும்ப வழக்கமாக்கிவிடலாம். சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826ல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவியது. வாரத்தில் ஒருநாளாவது அங்கே போய் நோன்பு திறந்துவிட்டு வாருங்கள்.

பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. தைப்பூசமும் 1968 முதல் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. பள்ளி ஜனவரி தொடக்கத்திலேயே திறந்துவிடும். ஆகவே தைப்பொங்கல் அன்று விடிகாலையில் சின்னப் பானையில் ஒருமுறை, வரும் சனிக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டுப் பெரிய பானையில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாள் தள்ளிப்போகிறதே" என்று வருத்தப்பட வேண்டாம். விடிகாலைப் பொங்கல் சூரியனுக்கு, சனிக்கிழமைப் பொங்கல் மனிதர்களுக்கு. குளிர்நாட்டில் கிடைக்காத ஒன்றும் இங்கே உண்டு: லிட்டில் இந்தியாவின் தேக்காவில் முழுக் கரும்பும், இலையோடு மஞ்சள் கொத்தும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கேம்பல் லேன் பக்கம் மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாட்டைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

முதல் ஆண்டில் மொத்தம் மூன்று நாட்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவை அதுவாக வரும்.

படி 3: நேரத்தைப் பிடியுங்கள்

இந்த ஊரில் பண்டிகைக்கு ஏற்ற பொழுது இரண்டுதான். காலை ஏழுக்கு முன், மாலை ஏழுக்குப் பின். நடுப்பகலில் 31, 32 டிகிரி வெயிலும் ஈரக்காற்றும் ஆளை உருக்கிவிடும். அந்த நேரத்தில் மொட்டை வெயிலில் ஏதாவது ஏற்பாடு செய்தால் பிள்ளைகள் சிணுங்குவார்கள், பெரியவர்கள் எரிந்து விழுவார்கள்.

காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு நான்கு மணிக்கு எழுப்புவார்கள். இங்கே நவம்பர் தொடக்கத்தில் ஆறரை மணிக்குமேல்தான் வெளுக்கும். ஐந்தரைக்கு எழுந்தாலே நல்ல இருட்டு. பிள்ளைகளைத் தூக்கத்தில் பிடுங்கி எழுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் விடியலுக்கு முந்தைய அந்தச் சுகம் முழுதாகக் கிடைக்கும். எண்ணெய் காய்ச்சுவது ஒருவர், மனைப்பலகை போடுவது ஒருவர், தலையில் முதல் எண்ணெய் வைப்பது வீட்டில் மூத்தவர். தண்ணீர் சூடாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊர் வெப்பமாக இருந்தாலும் எண்ணெய் போக வெந்நீர்தான் வேண்டும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை மார்கழி. பிள்ளைகளுக்கு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை பள்ளி விடுமுறை. குளிர்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, டிசம்பரில் நாளுக்கொரு கதவைத் திறந்து சாக்லெட் எடுக்கும் நாட்காட்டி அட்டை பழக்கமாகியிருக்கும். திருப்பாவையில் பாசுரங்கள் முப்பது. நாளுக்கொன்று. அதைவிடப் பொருத்தமான நாட்காட்டி எங்கே கிடைக்கும்? காலை ஆறேகாலுக்கு இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். வாசலில் ஒரு கைப்பிடி மாவில் சின்னக் கோலம், ஒரு பாசுரம் படிப்பது, ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலோ நான்கு உலர்திராட்சையோ கையில் கொடுப்பது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சைவக் குடும்பம் என்றால் திருவெம்பாவை. பள்ளி திறந்ததும் கொஞ்சம் முன்னதாக எழுந்து, பாசுரத்தை மட்டும் படித்துவிட்டு ஓடலாம். வார இறுதியில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு விடிகாலையில் போய்விட்டு, தேக்காவில் இட்லி சாப்பிட்டுத் திரும்புங்கள்.

மாலைக்கு வருவோம். ஆண்டுக் கடைசியில் ஏழேகால்வாக்கில் இருட்டிவிடும். ஆனால் எதிர் புளோக்கின் விளக்கும் கூடத்தின் வெள்ளைக் குழல்விளக்கும் சேர்ந்து இருட்டை உள்ளே விடாது. எனவே இருட்டை நீங்களே உண்டாக்க வேண்டும். எங்கள் வீட்டில் கார்த்திகை மாதம் முழுவதும் ஏழரை மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிடுவோம். கடைக்குட்டி ஒவ்வொரு அறையாகப் போய் சுவிட்சை அணைப்பான். அது அவனுடைய பதவி, வேறு யாரும் தொடக் கூடாது. அக்கா அகலில் எண்ணெய் ஊற்றித் திரி நனைப்பாள். தாத்தா பற்றவைப்பார். கைப்பேசிகள் எல்லாம் ஒரு கூடையில். அரைமணி நேரம் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து கதை பேசுவோம், சில நாள் சும்மா இருப்போம். மின்விசிறியை நிறுத்தினால் புழுக்கம், ஓடவிட்டால் சுடர் அணைந்துவிடும். அகலைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தால் இரண்டும் சரியாகிவிடும்.

வெளியே கூட வேண்டுமென்றாலும் இரவுதான். ஈஸ்ட் கோஸ்ட் பார்க், பாசிர் ரிஸ் பார்க் போன்ற கடலோரப் பூங்காக்களில் வாட்டு அடுப்புகளுக்குத் தேசியப் பூங்காக் கழகத்திடம் இணையத்தில் முன்பதிவு செய்யலாம். ஆண்டுக் கடைசியில் இடம் சீக்கிரம் போய்விடும், முன்கூட்டியே பாருங்கள். தைப்பூசத்துக்கும் இதே கணக்கு. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை நள்ளிரவை ஒட்டியே பால்குடங்கள் புறப்படத் தொடங்கிவிடும். காவடி எடுக்காத குடும்பமாக இருந்தாலும், அந்த இரவில் சிறிது தூரம் கூடவே நடந்துவிட்டு வருவதை ஆண்டு வழக்கமாக்கலாம். தார்ச்சாலை குளிர்ந்திருக்கும், கூட்டமும் பகலைவிடக் குறைவு.

படி 4: சமையலை ஈரக்காற்றுக்குப் பழக்குங்கள்

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். இட்லி மாவு பொங்க இனி அடுப்புப் பெட்டிக்குள் (ஓவன்) விளக்குப் போட்டு வைக்க வேண்டாம். இரவு அரைத்தால் காலையில் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கும். புளிக்கும் வேகம் அதிகம் என்பதால், பொங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

சிரமம் மொறுமொறுப்பில்தான். முறுக்கு, தட்டை, ஓமப்பொடி எல்லாமே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து ஒரே இரவில் நமத்துவிடும். சுட்டதைத் தாளில் பரப்பி ஆறவிட வேண்டியதுதான், ஆனால் மறந்துபோய் அப்படியே விட்டுவிடக் கூடாது. கையில் தொட்டால் சூடு தெரியாத நிலை வந்த உடனே காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சூட்டோடு போட்டால் உள்ளே வேர்த்துவிடும். ஒரே பெரிய டப்பாவைவிடச் சின்னச் சின்ன டப்பாக்கள் நல்லது, ஒன்றைத் திறந்தால் மற்றவை தப்பிக்கும். மழை கொட்டும் நாளில் முறுக்கு சுட வேண்டாம். நவம்பரில் பிற்பகல் மழை சகஜம், ஆகவே காலையிலேயே அடுப்பைப் பற்றவையுங்கள். நமத்துப்போனதை மிதமான சூட்டில் அடுப்புப் பெட்டியில் ஐந்தாறு நிமிடம் வைத்து ஆறவிட்டால் பாதிக்குமேல் மீண்டுவிடும்.

வெண்ணெய் பிஸ்கட் செய்து பழகியவர்களுக்கு இன்னொரு விஷயம். செய்முறைப் புத்தகங்களில் "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று போட்டிருக்கும். அது இருபது டிகிரி அறைக்கு எழுதியது. இங்கே மேசைமேல் வைத்தால் வெண்ணெய் எண்ணெயாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் வேலையைத் தொடங்குங்கள். வடிவம் வெட்டியபின் தட்டோடு அரைமணி நேரம் உள்ளே வைத்து இறுக்கிவிட்டுச் சுடுங்கள், இல்லையென்றால் நட்சத்திரமெல்லாம் வட்டமாகப் படர்ந்துவிடும். இஞ்சிரொட்டி வீடு கட்ட ஆசைப்பட்டால், பலகைகளை வழக்கத்தைவிட நன்றாக உலரச் சுட்டு, குளிரூட்டிய அறையில் சர்க்கரைப் பாகால் ஒட்டி, 24ஆம் தேதி கட்டுங்கள். மறுநாளே உடைத்துத் தின்றுவிடுங்கள். ஒரு வாரம் காட்சிக்கு வைத்தால் கூரை தொய்ந்து கீழே வரும்.

ஆனால் நான் சொல்வேன், அதை விட்டுவிட்டு சுஜி கேக்குக்கு மாறுங்கள். ஐரோப்பிய, ஆசிய வழிவந்த சிங்கப்பூர் யூரேசியர் வீடுகளின் கிறிஸ்துமஸ் கேக் அது. ரவை, வெண்ணெய், பாதாம், நிறைய முட்டை மஞ்சள். ரவையைக் குழைத்த வெண்ணெயில் கலந்து முதல்நாள் இரவே ஊறவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் நறநறக்கும். கேசரி தெரிந்த கைக்கு இது அந்நியமாகவே இருக்காது. முதல்நாள் ரவை கலப்பதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், மறுநாள் சுடுவதைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வேலை என்பதாலேயே அது பண்டிகையாகிவிடும். சுட நேரமில்லாதவர்களுக்கு மரக்கட்டை வடிவ லாக் கேக் எல்லா அடுமனைகளிலும் கிடைக்கிறது.

விருந்தாளி வரும் நாளில் தேங்காய்ச் சட்னி, பாயசம், தயிர்ச்சாதம் ஆகியவற்றை இரண்டு மணி நேரத்துக்குமேல் மேசையில் விடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள்.

படி 5: விளக்கு, கோலம், மரம்: வீட்டுக்கும் விதிக்கும் ஏற்றபடி

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பொது நடைபாதையில் அலங்காரம் செய்யலாம். ஆனால் ஆள் நடக்கக் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அளந்துவிட்டுத் தொடங்குங்கள். கோலத்தை வாசற்படிக்கு நேராக, சுவரோரம் போடுங்கள். முதியவர்கள் இருக்கும் தளம் என்றால் வழுக்கும் வண்ணப்பொடியைத் தவிர்த்து அரிசிமாவோ சுண்ணக்கட்டியோ பயன்படுத்துங்கள். கீழ்த்தளத்தில் கூட்டாக ஏதாவது செய்ய நகர மன்றத்தின் அனுமதி வேண்டும்.

பட்டாசு கிடையாது. 1972லிருந்து தனியார் வெடி கொளுத்துவதற்குச் சட்டப்படி தடை. கையில் பிடிக்கும் கம்பி மத்தாப்பு கடைகளில் கிடைக்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எரிந்து முடிந்த கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

2018 ஜூனுக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சாம்பிராணி போட்டால் அது அலறும். கருவியைக் கழற்றவே கழற்றாதீர்கள். சன்னலோரம் போய்ப் போடுங்கள், புகை வெளியே போகட்டும்.

உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவது இந்த ஊரில் பலருக்கும் பிடிக்கும். டெங்கிக் கொசு முட்டை முழுக் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். அசல் கிறிஸ்துமஸ் மரம் வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, மரத்தின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைத்தான் எல்லாரும் மறப்பார்கள். இறக்குமதி மரங்கள் நவம்பர் கடைசியிலிருந்து செடி விற்கும் நர்சரிகளில் கிடைக்கும். இந்த வெப்பத்தில் ஊசியிலை விரைவில் உதிரும் என்பதால் டிசம்பர் நடுவில் வாங்குவதே மேல். என்னைக் கேட்டால், தொட்டியில் வளரும் ஒரு மரத்தை, எலுமிச்சையோ கறிவேப்பிலையோ, ஆண்டுதோறும் அலங்கரித்துவிட்டு மறுபடி வெயிலில் வைப்பது இன்னும் அழகு. பிள்ளையோடு சேர்ந்து அதுவும் உயரும்.

படி 6: கதவைத் திறங்கள்

சிங்கப்பூரில் பண்டிகைக்குக் கதவைத் திறந்துவைத்து அண்டை அயலாரை அழைப்பது எல்லா இனத்தவரும் செய்வது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு உறவுக்காரர்கள் பக்கத்தில் இல்லாத குறையை இது பெருமளவு தீர்க்கும். எடுத்தவுடன் ஐம்பது பேரைக் கூப்பிட வேண்டாம். உங்கள் தளத்தில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும், தீபாவளிக்கு முந்தைய மாலையில் பிள்ளைகளிடம் ஒரு டப்பா கொடுத்து அனுப்புங்கள். கதவைத் தட்டி "தீபாவளி வாழ்த்து ஆன்ட்டி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவது அவர்களுடைய வேலை. பெரியவர்கள் பின்னால் நிற்க வேண்டாம்.

மலாய், இந்திய முஸ்லிம் அண்டை வீட்டுக்கு ஹலால் முத்திரை உள்ள இனிப்புப் பெட்டியோ பழங்களோ கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடம் இருக்காது. சீன அண்டை வீட்டாரில் சிலர் சைவம், கேட்டுக்கொள்ளுங்கள். நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து பலகாரம் வரும், சீனப் புத்தாண்டுக்குச் சீன வீட்டிலிருந்து அன்னாசி டார்ட் வரும். அந்த டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற நம் வீட்டுப் பழக்கம் இங்கேயும் அப்படியே செல்லும். சீனப் புத்தாண்டுக்குச் சீன அண்டை வீட்டுக்குப் போகும்போது இரண்டு ஆரஞ்சு கையில் இருக்கட்டும், இரு கைகளாலும் நீட்டுங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு அங்பாவ் (பணம் வைத்த உறை) கொடுப்பதும் இங்குள்ள இந்தியர்களிடம் ஊறிய வழக்கம். வாங்கும்போது காலில் விழுந்து கும்பிட வேண்டும் என்பதை உங்கள் வீட்டு நிபந்தனையாக வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 21, 22 வாக்கில் சீனர்கள் குளிர்காலச் சங்கராந்தியைக் கொண்டாடி, அரிசிமாவு உருண்டைகளை இனிப்பு நீரில் போட்டுச் சாப்பிடுவார்கள். குளிரே இல்லாத ஊரில் குளிர்காலத் திருநாளைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டால் போங்கள். நம் கொழுக்கட்டையை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போங்கள்.

படி 7: இங்குள்ள பருவங்களைக் கண்டுபிடியுங்கள்

"இங்கே பருவமே இல்லை" என்பார்கள். இருக்கிறது, பார்க்கப் பழக வேண்டும். வறண்ட நாட்களுக்குப் பின் மழை வந்தால், மார்ச் ஏப்ரலிலும் ஆகஸ்ட் செப்டம்பரிலும் சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும். ஜப்பானின் செர்ரிப் பூவை நினைத்து, சிங்கப்பூரின் சக்குரா என்றே அதைச் சொல்வார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை டுரியான் காலம். குளிர்நாட்டில் இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பறிக்கப் போன குடும்பத்துக்கு, ஜூன் விடுமுறையில் ஒருநாள் டுரியானும் மங்குஸ்தானும் சாப்பிடுவதற்கென்றே கிளம்புவது நல்ல ஈடு.

டிசம்பருக்கு நான் பரிந்துரைப்பது சுங்கை புலோ சதுப்புநிலம். செப்டம்பரிலிருந்து மார்ச்வரை சைபீரியா போன்ற வடதிசைக் குளிர்நாடுகளிலிருந்து உள்ளான், உப்புக்கொத்தி வகைப் பறவைகள் இங்கே வந்து தங்கும். கடல் ஏறி வெளியே சேற்றுத்திட்டு மூழ்கும் நேரத்தில், அவை காப்பகத்துக்குள் இருக்கும் குளங்களில் வந்து ஒதுங்கும். நீரேற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு காலையிலேயே போங்கள். அனுமதி இலவசம். "இதுங்களும் நம்மள மாதிரி பனியிலிருந்துதான் வந்திருக்கு" என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த ஆண்டு அவர்களே தேதி கேட்பார்கள்.

தேதியில்லாத ஒரு பண்டிகையும் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர், ஜனவரியில் சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். அப்போது வெப்பநிலை 21, 22 டிகிரிவரை இறங்கும். இந்த ஊருக்கு அது கடுங்குளிர். அப்படி முதல் நாள் வந்ததும், பெட்டியிலிருந்து பழைய கம்பளிச் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, மிளகு ரசமும் பஜ்ஜியும் இஞ்சி டீயுமாக உட்கார்ந்துவிடுங்கள். வெப்பமானியைப் பார்த்து அறிவிக்கும் உரிமை வீட்டில் ஒருவருக்கு மட்டும். எப்போது வரும் என்று தெரியாததால் நவம்பரிலிருந்தே பிள்ளைகள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

படி 8: தூரத்து உறவுகளுக்கு ஒரு மணி ஒதுக்குங்கள்

டிசம்பரில் சிங்கப்பூர் நேரம் லண்டனைவிட எட்டு மணியும், டொராண்டோவைவிடப் பதின்மூன்று மணியும், சென்னை, யாழ்ப்பாணத்தைவிட இரண்டரை மணியும் முந்தியது. டொராண்டோவில் 24ஆம் தேதி இரவு ஏழு மணி விருந்து, இங்கே 25ஆம் தேதி காலை எட்டு மணிப் பலகாரம். இரண்டு மேசைகளையும் காணொளியில் எதிரெதிரே வைத்துச் சேர்ந்து சாப்பிடலாம். புத்தாண்டு நள்ளிரவில் இங்கிருந்து அழைத்தால் லண்டனில் மாலை நான்கு. "நாங்க போய்ச் சேர்ந்துட்டோம், நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லும் வேலையைத் தாத்தா பாட்டியிடம் பேச வெட்கப்படும் பிள்ளைக்குக் கொடுங்கள். ஆளுக்கு ஆள் அழைக்காமல் ஒரே நேரம், ஒரே அழைப்பு என்று வையுங்கள். நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இருக்கட்டும். இங்கே சுஜி கேக் வெட்டும்போது அங்கேயும் ஏதாவது வெட்டட்டும்.

படி 9: ஜனவரி கடைசியில் கணக்கெடுப்பு

எல்லாம் முடிந்தபின் ஒரு மாலை, படி 1ல் எழுதிய தாளை எடுங்கள். புதிதாகச் செய்தவற்றை அதில் சேர்த்து, ஒவ்வொருவரையும் ஒன்றை வைத்துக்கொள்ளவும் ஒன்றை நீக்கவும் சொல்லுங்கள். அம்மா மட்டும் களைத்துப்போன வழக்கம் எது என்று கட்டாயம் கேளுங்கள், அதை நீக்குங்கள் அல்லது வேறு ஆளிடம் மாற்றுங்கள். இரண்டாம் ஆண்டும் யாரும் சொல்லாமலே நடந்தது எதுவோ, அது வேர்பிடித்துவிட்டது.

அப்புறம் பொருட்களைப் பத்திரப்படுத்துங்கள், இந்த ஈரத்தில் எல்லாம் பூசணம் பிடிக்கும். கம்பளியையும் பட்டையும் துவைத்து முழுக்கக் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டுப் பெட்டியில் வையுங்கள். விளக்குச் சரங்களில் ஒட்டுநாடா இருந்தால் உரித்துவிடுங்கள், ஓராண்டில் பிசினாக உருகி ஒட்டிக்கொள்ளும். அகல்களை வெந்நீரில் எண்ணெய் போகக் கழுவி வெயிலில் காயவையுங்கள். மரமும் மணியும் ஒரு பெட்டியில், அகலும் கோலக்குழலும் இன்னொரு பெட்டியில். கம்பளிச் சட்டைகளை மட்டும் மேலே, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அடுத்த மழை எந்த நாளில் வரும் என்று யாருக்குத் தெரியும்.